அலங்கார மீன்களைச் சேர்த்து வளர்த்தலும் இடம் மாற்றுதலும்

அலங்கார மீன்களைச் சேர்த்து வளர்த்தல் என்பது, ஒரே மீன்தொட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட மீன் வகைகளை ஒன்றுக்கொன்று தீங்கு நேராவண்ணம் தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறையாகும். இடம் மாற்றுதல் என்பது, மீன்களைக் கடையிலிருந்து வீட்டுக்கோ, ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கோ, ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்கோ உயிர்ச்சேதமின்றிக் கொண்டு செல்வதாகும். இவ்விரண்டும் தனித்தனிச் செயல்களாகத் தோன்றினாலும், மீனைப் பொறுத்தவரை ஒன்றே. புதிய தொட்டிக்குள் நுழையும் மீன், பழகிய நீரை விட்டு வேறு நீருக்கும், பழகிய கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் மாறுகிறது. புதிதாக வாங்கிய மீன்கள் முதல் சில நாட்களிலேயே இறப்பதற்கு நோயே காரணம் என்று பலர் கருதுவர். பல நேரங்களில் அவை பொருந்தாத நீராலோ, பொருந்தாத துணையாலோ, வழியில் பட்ட வெப்பத்தாலோ இறக்கின்றன. இம்மூன்றும் தவிர்க்கக்கூடியவை.

வரலாறு

பொன்மீன்களைக் குளங்களிலும் பீங்கான் கலங்களிலும் வளர்க்கும் வழக்கம் சீனாவில் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. கண்ணாடித் தொட்டியில் நீரை அடிக்கடி மாற்றாமல் மீன் வளர்க்க முடியும் என்பதை இங்கிலாந்து வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1850ஆம் ஆண்டில் விளக்கினார். அவர் பொன்மீன்களுடன் வாலிசுனேரியா என்னும் நீர்த்தாவரத்தை வைத்தார். தாவரத்தின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கலங்கச் செய்தன. அழுகியவற்றை உண்ணும் குளத்து நத்தைகளை விட்ட பின்னரே தொட்டி தெளிந்தது. இன்றைய மீன்தொட்டியின் தொடக்கமே சரியான துணை உயிரைத் தேர்ந்தெடுத்ததில்தான் இருந்தது எனலாம். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் சென்னை மெரினா கடற்கரையில் 1909ஆம் ஆண்டு ஒரு மீன் காட்சியகம் அமைக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்சுடனின் முயற்சியில் அது உருவானது. ஆசியாவின் தொடக்ககால மீன் காட்சியகங்களுள் ஒன்றாகக் கருதப்படும் அது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

சென்னை, திருவள்ளூர் வட்டாரம்

சென்னையின் வடமேற்கிலுள்ள கொளத்தூர், நாட்டின் முதன்மையான அலங்கார மீன் சந்தைகளுள் ஒன்றாகும். அங்குள்ள கடைகளுக்கு வரும் மீன்களில் ஒரு பகுதி சுற்றுவட்டாரத்திலும் திருவள்ளூர் மாவட்ட ஊர்களிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் சிறு குளங்களிலும் இனப்பெருக்கம் செய்யப்படுபவை. பல குடும்பங்களுக்கு இது வாழ்வாதாரமாக உள்ளது. 2020களில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இப்பகுதியில் வண்ணமீன் வணிக மையம் அமைக்கும் பணியை மேற்கொண்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி ஒன்றும் இயங்குகிறது.

அதே மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஆந்திரப் பிரதேசத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் திருத்தணி. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான இவ்வூர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சாலை வழியாகவும், அரக்கோணம் வழியாகச் செல்லும் தொடர்வண்டியிலும் சென்னையிலிருந்து இவ்வூரை அடையலாம். கோடைக்காலத்தில் தமிழ்நாட்டின் மிக வெப்பமான இடங்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பெறுகிறது. இங்கு 40 பாகை செல்சியசைக் கடந்த வெப்பநிலை கோடைதோறும் பதிவாகிறது. கடலோர நகரில் வாங்கிய மீனை இத்தகைய உள்நாட்டு ஊருக்குக் கொண்டு செல்வது, இடமாற்றத்தின் எல்லாச் சிக்கல்களையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டு ஆகும். ஆகவே இக்கட்டுரையில் இப்பயணம் பின்னர் விரிவாகக் கூறப்படுகிறது.

பொருத்தத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

1. நீர்

இரு மீன்கள் ஒன்றையொன்று கடிக்காமல் இருப்பது மட்டும் பொருத்தம் ஆகாது. இரண்டுக்கும் ஒரே நீர் ஏற்றதாக இருக்க வேண்டும். பொன்மீன் குளிர்ந்த நீரை விரும்புவது. அமேசான் படுகையைச் சேர்ந்த டிஸ்கஸ் 28 முதல் 30 பாகை வரையிலான வெதுவெதுப்பான, மென்மையான நீரை வேண்டுவது. இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் இட்டால் சண்டை நிகழாது. ஆனால் ஏதேனும் ஒன்று நாளடைவில் நலிவுறும். அவ்வாறே, நியான் டெட்ரா இயற்கையில் சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் வாழ்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிடுகளுக்கு, பி.எச். மதிப்பு 8ஐ ஒட்டிய காரத்தன்மையுள்ள கடினநீர் தேவை.

தமிழ்நாட்டின் கருங்கல் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினத்தன்மை மிக்கது. இத்தகைய நீரை வேதிப்பொருள் சேர்த்து மாற்ற முயல்வதைவிட, அந்நீருக்கு ஏற்ற மீன்களைத் தேர்ந்தெடுப்பதே எளிது. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டியீனும் மீன்கள் கடினநீரில் நன்கு வாழும்.

2. உடலளவு

வாய்க்குள் அடங்கும் எதையும் பெரும்பாலான மீன்கள் உணவாகவே கருதுகின்றன. ஏஞ்சல் மீனும் நியான் டெட்ராவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. கடையில் ஒரே தொட்டியில் அமைதியாக நீந்துபவை. ஆனால் ஏஞ்சல் வளர்ந்தபின் நியான் அதன் வாய்க்குள் அடங்கிவிடுகிறது. எனவே வாங்கும்போதுள்ள அளவை விடுத்து, முழுவளர்ச்சி அளவையே கருத்தில் கொள்ள வேண்டும். கடையில் ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஆஸ்கர் முப்பது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. வெள்ளிச் சுறா என்று விற்கப்படும் மீனும் (இது சுறா அன்று, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது) ஏறத்தாழ அதே அளவை எட்டும்.

3. குணம்

சில மீன்கள் இடத்தைக் காப்பவை; சில, பிற மீன்களின் துடுப்புகளைக் கடிப்பவை. புலி பார்ப் இரண்டாம் வகைக்குப் பெயர்பெற்றது. நீண்ட துடுப்புடைய ஏஞ்சல், ஃபைட்டர், விசிறிவால் பொன்மீன் ஆகியவற்றுடன் அதனைச் சேர்க்கக்கூடாது. ஆனால் புலி பார்ப்பை ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணிக்கையில் கூட்டமாக வளர்த்தால், அவற்றின் சீண்டல் பெரும்பாலும் தமக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டு மட்டும் வாங்குவதே தவறு. டெட்ரா, டானியோ, கோரிடோராசு முதலியனவும் கூட்டமாக வாழ்பவை. தனித்து விடப்பட்டால் அவை ஒளிந்து, உண்ணாது மெலியும்.

ஆண் ஃபைட்டர் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் வைத்தல் கூடாது. பல வகைச் சிக்லிடுகளைக் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பின மீனான பிளவர்ஹார்னைத் தனியாகவே வளர்க்க வேண்டும். பொதுவாக அமைதியாக வாழும் மீன்களும் முட்டையிடும் காலத்தில் மூர்க்கமாகக் கூடும். ஏஞ்சல் இணை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

4. வாழும் தளமும் உணவும்

கப்பி, டானியோ போன்றவை மேல்தளத்திலும், டெட்ரா, பார்ப் போன்றவை நடுத்தளத்திலும், கோரிடோராசு, அயிரை வகைகள் அடித்தளத்திலும் மிகுதியாகக் காணப்படும். மூன்று தளங்களிலும் மீன்களைப் பகிர்ந்து வைத்தால் நெருக்கம் குறையும். வேகமாக உண்ணும் மீன்களுடன் மெதுவாக உண்ணும் மீன்களைச் சேர்த்தால், பின்னவை பட்டினி கிடக்கும். இது சண்டையைப் போலக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சில சேர்க்கைகள்

* கப்பி, பிளாட்டி, மோலி - பொருந்தும். கடினநீர் மூன்றுக்கும் ஏற்றது. குட்டிகள் விரைவில் பெருகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.
* வரிக்குதிரை டானியோ, ரோசி பார்ப் - பொருந்தும். இரண்டும் தெற்காசியாவைச் சேர்ந்தவை. மித வெப்பநிலையைத் தாங்குபவை.
* நியான் டெட்ரா, கோரிடோராசு - பொருந்தும். மென்மையான நீரும் கூட்டமும் தேவை.
* தேன் கௌராமி, சிறு டெட்ராக்கள் - பொருந்தும். ஒளிந்துகொள்ளத் தாவரங்கள் வேண்டும்.
* பொன்மீன், வெப்பமண்டல மீன்கள் - பொருந்தா. வெப்பநிலை வேறுபாட்டுடன், பொன்மீன் மிகுதியாகக் கழிவை வெளியிடுவதும் காரணம்.
* ஏஞ்சல், நியான் டெட்ரா - வளர்ந்த ஏஞ்சலுடன் பொருந்தா.
* ஃபைட்டர், ஆண் கப்பி - பெரும்பாலும் பொருந்தா. கப்பியின் வண்ண வாலை ஃபைட்டர் போட்டியாளராகக் கருதித் தாக்கக்கூடும்.
* ஆஸ்கர், எந்தச் சிறுமீனும் - பொருந்தா.

தெற்காசிய மீன்களுள் டெனிசன் பார்ப் குறிப்பிடத்தக்கது. சிவப்பும் கறுப்புமான கோடுகளுடைய இம்மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கு மட்டுமே உரியது. உலகச் சந்தைக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டதால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அருகிவரும் இனமாக இது சேர்க்கப்பட்டுள்ளது. ஓடையில் பிடித்த மீனை விடுத்துப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குவதும் தேர்வின் ஒரு பகுதியாகும்.

தொட்டியின் கொள்ளளவு

ஒரு சென்டிமீட்டர் மீனுக்கு ஒரு லிட்டர் நீர் என்னும் விதி பரவலாகக் கூறப்படுகிறது. சிறிய மீன்களுக்கு இது ஓரளவு பயன்படும். பெரிய மீன்களுக்குத் தவறான விடையைத் தரும். உடல் வடிவம் மாறாமல் நீளம் இரு மடங்கானால், எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. கழிவும் ஆக்சிசன் தேவையும் நீளத்தைப் பின்பற்றுவதில்லை. எடையுடனேயே சேர்ந்து உயர்கின்றன. எனவே ஐந்து சென்டிமீட்டர் மீன்கள் இரண்டும், பத்து சென்டிமீட்டர் மீன் ஒன்றும் தொட்டிக்குச் சமமான சுமை அல்ல.

60 × 30 × 30 சென்டிமீட்டர் அளவுள்ள தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். மணல், கற்கள், மேல் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் உண்மையான நீர் இதனினும் குறைவு. கண்ணாடிக் கிண்ணங்களில் பொன்மீன் வளர்ப்பது பரவலாக இருப்பினும், அவற்றில் நீரின் அளவும் காற்றுப்படும் பரப்பும் போதா.

தொட்டி முதிர்தல்

மீன்கள் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியாவை வெளியிடுகின்றன. இது மீன்களுக்கு நஞ்சு. தொட்டியின் வடிகட்டியிலும் மணலிலும் வளரும் ஒருவகை நுண்ணுயிரிகள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டு ஒப்பளவில் தீங்கு குறைந்தது. நைட்ரேட்டைப் பகுதி நீர் மாற்றத்தின் மூலம் அகற்றலாம். இந்நுண்ணுயிரிகள் போதிய அளவு பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. தொட்டியையும் மீன்களையும் ஒரே நாளில் வாங்கி, அன்றே எல்லா மீன்களையும் விடுவது புதியோர் செய்யும் பொதுவான பிழையாகும். அத்தகைய தொட்டியில் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அமோனியா உயர்ந்துகொண்டிருக்கும்.

இடமாற்றம்

பொதியும் முறை

பயணத்துக்கு முன் மீன்களுக்கு 24 மணி நேரமாவது உணவு நிறுத்தப்படுகிறது. நீண்ட பயணமாயின் இது 48 மணி நேரம் வரை நீட்டிக்கப்படலாம். நலமுள்ள வளர்ந்த மீன் இப்பட்டினியை எளிதில் தாங்கும். குடல் காலியாக இருந்தால் பையில் கழிவு குறையும். பின்னர் பாலிதீன் பையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரும், மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிசனும் நிரப்பி, ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டுவர். ஒன்றனுள் ஒன்றாக இரு பைகளைப் பயன்படுத்துவது நல்லது. பையின் மூலைகளையும் கட்டிவிட்டால் சிறுமீன்கள் மூலையில் சிக்கி நசுங்குவது தவிர்க்கப்படும்.

கெளுத்தி வகைகளின் துடுப்பு முட்கள் பையைத் துளைக்கக்கூடும். அவற்றுக்கு மூடியுள்ள நெகிழிக் கலன் ஏற்றது. ஃபைட்டர், கௌராமி ஆகியவை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்புடையவை. ஆகவே அவற்றின் பையில் காற்றிடைவெளி இன்றியமையாதது. ஃபைட்டர்களை ஒவ்வொன்றாகத் தனிப் பையில் இட வேண்டும். நிறைசினை மீன்களைக் கூடியவரை இடம் மாற்றாதிருத்தல் நன்று.

மூடிய பையினுள் நிகழ்வது

பை கட்டப்பட்டதும் மீன் வெளியிடும் கரியமில வாயு நீரில் சேர்கிறது. அதனால் நீரின் பி.எச். மதிப்பு குறைகிறது. அதே வேளையில் அமோனியாவும் சேர்கிறது. நீரில் அமோனியா இரு வடிவங்களில் காணப்படும்: நஞ்சு மிக்க கட்டற்ற அமோனியா, நஞ்சு குறைந்த அமோனியம். பி.எச். குறையும்போது பெரும்பகுதி அமோனியமாக மாறிவிடுகிறது. 25 பாகையில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 5 விழுக்காடாக உயரும்.

இதனால், மூடிய பைக்குள் அமோனியா மிகுந்திருந்தும் மீன் ஓரளவு காக்கப்படுகிறது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். உயர்கிறது, அதுவரை அடங்கியிருந்த அமோனியா நச்சு வடிவுக்கு மாறுகிறது. வழிநெடுக உயிரோடிருந்த மீன், வீட்டுக்கு வந்து பையைத் திறந்த பின்னர் துடித்து இறப்பதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம்.

வெப்பமும் ஆக்சிசனும்

காற்றுடன் சமநிலையிலுள்ள நன்னீர், 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிசனைக் கொண்டிருக்கும். 35 பாகையில் இது ஏறத்தாழ 6.9 மில்லிகிராமாகக் குறைகிறது. அதேநேரம், பத்துப் பாகை வெப்பம் உயர்ந்தால் மீனின் ஆக்சிசன் தேவை ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு பெருகுவதால், வெப்பமான நீரில் மீன் இருமுனைத் தாக்குதலுக்கு உள்ளாகிறது. வீட்டுத் தொட்டியின் ஐம்பது லிட்டர் நீர் மெதுவாகச் சூடேறும். பையின் ஒரு லிட்டர் நீரோ விரைவில் சூடேறிவிடும்.

எடுத்துக்காட்டு: கொளத்தூரிலிருந்து திருத்தணிக்கு

கொளத்தூரில் மீன் வாங்கித் திருத்தணிக்குச் செல்லும் பயணம், போக்குவரத்தைப் பொறுத்துச் சில மணி நேரமே எடுக்கும். ஆக்சிசன் நிரப்பிய பைக்கு இது குறுகிய நேரம். ஆயினும் கோடையில் பின்வருவன கவனத்திற்குரியவை:

* வாங்குவதையும் பயணத்தையும் காலையில் முடித்துவிட வேண்டும், அல்லது மாலை வெயில் தாழ்ந்த பின் புறப்பட வேண்டும். நண்பகலில் வெயிலில் நிறுத்திய வாகனத்துள் பையை விட்டுச்செல்வது மீனைக் கொல்வதற்குச் சமம்.
* பைகளைத் தெர்மக்கோல் பெட்டியில் வைத்து மூட வேண்டும். பெட்டி வெப்பத்தைத் தடுப்பதுடன் இருளையும் தருகிறது. இருளில் மீன்கள் அமைதியடைவதால் ஆக்சிசன் செலவு குறையும்.
* கடுங்கோடையில் பனிக்கட்டி உறைந்த சிறு புட்டியைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைக்கலாம். அது பையை நேரடியாகத் தொடக்கூடாது. திடீர்க் குளிர்ச்சியும் தீங்கானதே.
* இருசக்கர வாகனத்தில் பையைக் கைப்பிடியில் தொங்கவிடுவது கூடாது. வெயிலும் அலைக்கழிப்பும் ஒருங்கே சேரும்.
* ஆடிக் கிருத்திகை போன்ற திருவிழா நாட்களில் திருத்தணிக்குச் செல்லும் சாலைகளில் நெரிசல் மிகும். அந்நாட்களைத் தவிர்த்தல் நலம்.

சென்று சேரும் தொட்டியின் நீரும் வெப்பமாகவே இருக்கும் என்பதை மறத்தலாகாது. கோடையில் திருத்தணி போன்ற ஊர்களில் தொட்டியைச் சன்னலோரத்திலோ மாடி அறையிலோ வைக்காமல், வீட்டின் குளிர்ந்த பகுதியில் வைத்து, காற்றூட்டியை இடைவிடாது இயக்க வேண்டும். மின்தடையின்போது மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றூட்டி உதவும். இத்தகைய ஊர்களில் பொன்மீனைவிட மோலி, கௌராமி போன்ற வெப்பம் தாங்கும் மீன்கள் ஏற்றவை. இவ்விடத்தில் துணைத் தேர்வும் இடமாற்றமும் ஒன்றாகிவிடுகின்றன.

தொட்டியில் விடுதல்

முதலில் தொட்டியின் விளக்கை அணைத்து, கட்டிய பையை 15 முதல் 20 நிமிடம் நீர்மேல் மிதக்க விட வேண்டும். இதனால் வெப்பநிலை சமமாகும். அடுத்துச் செய்ய வேண்டியது பயண நேரத்தைப் பொறுத்தது.

சில மணி நேரப் பயணமாயின், பையைத் திறந்து தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அரை மணி நேரம் வரை சேர்த்து, மீனைப் புதிய நீருக்குப் பழக்கலாம். ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணமாயின், எடுத்துக்காட்டாகக் கொல்கத்தாவிலிருந்து தொடர்வண்டியில் வந்த பொதியாயின், பையில் அமோனியா மிகுந்திருக்கும். அப்போது பையைத் திறந்தபடி நெடுநேரம் வைத்திருப்பது மேற்கூறிய காரணத்தால் தீங்கானது. வெப்பநிலையைச் சமப்படுத்திய உடனே, ஏறத்தாழ அதே தன்மையுள்ள நீருக்கு மீனை விரைந்து மாற்ற வேண்டும்.

எம்முறையாயினும், மீனைச் சிறு வலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. குழாய் நீரில் குடிநீர்த் தூய்மைக்காகச் சேர்க்கப்படும் குளோரின் மிகக் குறைந்த அளவிலும் மீன்களின் செவுள்களைத் தாக்கும். அகன்ற கலத்தில் ஓரிரு நாள் காற்றுப்பட வைத்தோ, சோடியம் தயோசல்பேட்டு சேர்த்தோ அதனை நீக்கலாம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த நீரில் ஆக்சிசன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கலாம். எனவே அந்நீரையும் ஒரு நாள் காற்றூட்டிய பின் பயன்படுத்துவது முறையாகும்.

தனிமைப்படுத்தல்

புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பின்னரே பிற மீன்களுடன் சேர்க்க வேண்டும். உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றும் ஒட்டுண்ணி நோய் இவ்வாறே பெரும்பாலும் தொட்டிக்குள் நுழைகிறது. பழைய மீன்களும் இடங்காப்பு உணர்வுடன் புதியதைத் தாக்கக்கூடும். சேர்க்கும் நாளில் கற்களையும் தாவரங்களையும் இடம் மாற்றி அமைத்தால் எல்லா மீன்களுக்கும் தொட்டி புதிதாகத் தோன்றும், தாக்குதல் குறையும்.

வீடு மாறும்போது

நீருடன் உள்ள தொட்டியைத் தூக்கக்கூடாது. நூறு லிட்டர் நீர் மட்டுமே நூறு கிலோகிராம் எடையுடையது. தூக்கும்போது கண்ணாடி முறுக்கப்பட்டு, சிலிக்கோன் ஒட்டு விடுபடலாம். பின்வரும் வரிசை பின்பற்றப்படுகிறது:

1. தொட்டியின் நீரில் ஒரு பகுதியைத் தூய வாளிகளில் சேமித்தல்.
2. நீர்மட்டம் தாழ்ந்தபின் மீன்களைப் பிடித்துப் பொதிதல். இதனால் வலையுடன் துரத்துவது குறையும்.
3. வடிகட்டியின் பஞ்சு, வளையங்கள் ஆகியவற்றைத் தொட்டி நீரில் நனைந்தவாறே காற்றுப்படும் கலத்தில் எடுத்துச் செல்லுதல்.
4. மணலை முழுதும் அகற்றிக் காலித் தொட்டியை மட்டும் தூக்குதல்.
5. புதிய வீட்டில் தொட்டி, வடிகட்டி, சேமித்த நீர் ஆகியவற்றை முதலில் அமைத்து, வெப்பநிலை சமமான பின் மீன்களை விடுதல்.

இவற்றுள் மூன்றாவது படி மிக முக்கியமானது. நன்மை தரும் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை; வடிகட்டியின் பரப்பில் ஒட்டி வாழ்கின்றன. பஞ்சு உலர்ந்தாலோ, குழாய் நீரில் கழுவப்பட்டாலோ அவை அழியும். பழைய தொட்டி, பழைய நீர், பழைய மீன்கள் எல்லாம் இருந்தும் தொட்டி மீண்டும் முதல்நாள் நிலைக்குத் திரும்பிவிடும். இடம் மாறிய சில நாட்களுக்கு உணவைக் குறைத்து அளிப்பது நல்லது.

மீன் அல்லாத உயிர்கள்

சிறு இறால்களும் நத்தைகளும் அமைதியான சிறுமீன்களுடன் வாழும். செம்பு கலந்த மருந்துகள் அவற்றைக் கொல்லும் என்பதால், மருந்திடும் முன் அவற்றை வேறிடம் மாற்ற வேண்டும். ஆமைகள் மீன்களுக்குத் துணையாகா. அவை மீன்களை உண்ணும். நீராமைகளை நீர் நிறைந்த பையில் கொண்டு செல்லாமல், ஈரத்துணி விரித்த காற்றோட்டமுள்ள பெட்டியில் கொண்டு செல்ல வேண்டும். இந்தியாவுக்கு உரிய ஆமை இனங்கள் பல 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும்.

மீன்தொட்டி உயிரினக் கடைகளை ஒழுங்குபடுத்த இந்திய அரசு 2017ஆம் ஆண்டு விதிகளை அறிவித்தது. வணிகர்களிடையே எதிர்ப்பு எழுந்ததை அடுத்து அவை பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

நீர்நிலைகளில் விடுவித்தல்

தொட்டிக்குப் பொருந்தாமல் போன மீனை அருகிலுள்ள ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவது இரக்கச் செயலாகக் கருதப்படுகிறது. உண்மையில் இதுவே மிகத் தீங்கான இடமாற்றம் ஆகும். பாசியைத் தூய்மை செய்யும் என்று வாங்கப்படும் தென் அமெரிக்கச் சக்கர் மீன், தொட்டியில் அடங்காத அளவுக்கு வளர்ந்ததும் நீர்நிலைகளில் விடப்படுகிறது. எலும்புத் தகடுகளால் மூடப்பட்ட அதன் உடலை உள்நாட்டுக் கொன்றுண்ணிகள் எளிதில் உண்ண முடிவதில்லை. அது கரைகளில் வளை தோண்டுகிறது. மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. உள்நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கிறது. தமிழ்நாட்டு ஏரிகளில் இம்மீன் இப்போது காணப்படுகிறது. உணவு மீனாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் தடை விதித்தும் அதனை நீர்நிலைகளிலிருந்து அகற்ற இயலவில்லை. நீர்நிலையில் நிலைபெற்ற அயல் மீனைத் திரும்பப் பெறும் வழி பெரும்பாலும் இல்லை என்பதை இது காட்டுகிறது.

மலையடிவாரத்தில் சரவணப்பொய்கை அமைந்துள்ள திருத்தணி போன்ற கோயில் ஊர்களில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. வேண்டாத மீனைக் கடைக்குத் திருப்பித் தருதல், பெரிய தொட்டியுடைய வேறொரு வளர்ப்பாளருக்கு அளித்தல், பள்ளி, கல்லூரிகளின் தொட்டிகளுக்கு வழங்குதல் ஆகியவை ஏற்ற வழிகள். கடையில் மீனைச் சுட்டிக்காட்டும் முன் அதன் முழுவளர்ச்சி அளவையும், அது விரும்பும் நீரையும் கேட்டறிந்தால், பின்னர் அதனை எங்கு விடுவது என்ற கேள்வி பெரும்பாலும் எழாது.